எண்ணிய காற்று எங்கே போனது?

கியர் மாற்றுவதற்காக ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பானட்டுக்கு அடியிலிருந்து ‘உஷ்ஷ்’ என்று ஒரு பெருமூச்சு வரும். அந்தச் சத்தத்துக்காகவே என் நண்பர் தன்னுடைய பழைய 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் ஒரு புது வால்வைப் பொருத்தியிருந்தார். முதல் நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு கோவை அவிநாசி சாலையில் ஓட்டினார். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், ஒவ்வொரு முறையும் ‘உஷ்ஷ்’. சிக்னலில் சிவப்பு விழுந்தது. காலை எடுத்தார், கிளட்சை மிதித்தார். சுற்று முள் 800-இல் நிற்காமல் அதற்கும் கீழே சரிந்து, இருமுறை துடித்து, எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் நின்ற பேருந்து ஹாரன் அடித்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரிலிருந்து கருப்பாக ஒரு புகை, கூடவே பச்சைப் பெட்ரோல் வாடை.

ஒர்க்‌ஷாப்பில் பிளக்கைக் கழற்றினால் நுனியெல்லாம் கரி. “பெட்ரோல் ஓவரா எறங்குதுங்க” என்றார் மெக்கானிக். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார். பம்ப்பின் அழுத்தத்தைப் பார்த்தார். ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பார்த்தார். எல்லாமே சரியாக இருந்தன. புது வால்வும் நன்றாகத்தான் வேலை செய்தது. அப்படியிருக்க, நான்கு முறை சிக்னலில் நின்றால் ஒரு முறை எஞ்சின் அணைந்தது. எந்த உதிரிபாகமும் கெட்டுப்போகாமல் ஒரு கார் இப்படித் திணறுவதைப் புரிந்துகொள்ள, எஞ்சினுக்குள் போகும் காற்றை யார், எந்த இடத்தில் நின்று எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எடைக்கணக்கில் பார்த்தால் பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் காற்றைத்தான் உண்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் மீதமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். 2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அந்த 2 லிட்டரையும் நிரப்பிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 லிட்டர் காற்று. நாம் மூச்சு விடும் காற்று லிட்டருக்கு 1.2 கிராம் இருக்கும். ஆக, விநாடிக்கு 120 கிராம். டர்போ அந்தக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அடைத்துக் கொடுத்தால் விநாடிக்கு 200 கிராமைத் தாண்டிவிடும். அதே எஞ்சின் சிக்னலில் சும்மா நிற்கும்போது விநாடிக்குச் சில கிராம்தான் இழுக்கிறது. இந்த நெடிய வீச்சு முழுவதிலும் காற்றின் எடையைக் கணத்துக்குக் கணம் தெரிந்துகொண்டு அதற்குத் தக்க பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டியது ஈசியு என்ற சிறு கணினியின் பொறுப்பு. காற்றுக் கணக்கு தப்பினால் பெட்ரோல் கணக்கும் தப்பும்.

காற்றைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. நுழைவாசலில் ஆள் வைத்து எண்ணுவது ஒன்று. உள்ளே கூடத்தில் எவ்வளவு நெரிசல் இருக்கிறது என்று பார்த்து ஊகிப்பது இன்னொன்று. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இரண்டையுமே செய்துபார்த்தது. 1967-இல் வந்த டி-ஜெட்ரானிக் அமைப்பு, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை அளந்தது. அழுத்தத்துக்கு ஜெர்மன் மொழியில் ‘ட்ரூக்’ என்று பெயர், ‘டி’ அதிலிருந்து வந்தது. 1970-களில் வந்த எல்-ஜெட்ரானிக், வாசலிலேயே காற்றை அளந்தது. ‘எல்’ என்பது காற்றைக் குறிக்கும் ‘லுஃப்ட்’. இன்றுவரை எஞ்சின் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளுக்கிடையில்தான் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். 1990-களின் டொயோட்டா சுப்ராவில் இருந்த 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின் இதற்கு அழகான உதாரணம். ஜப்பானுக்குள் விற்ற கார்களில் அது மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளந்தது; அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான கார்களில் வாசலில் நின்று காற்றை அளந்தது. எஞ்சின் ஒன்று, காற்றை அறியும் வழி இரண்டு. இந்த எஞ்சினைப் பிரித்து மேய்ந்து பெரிய டர்போ மாட்டுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: இது எந்த வகை?

வாசலில் நிற்கும் அளவுமானிகளில் இன்று பரவலாக இருப்பது சூட்டுக் கம்பி வகை. அதன் தத்துவம் எளிது. சுடச்சுடக் காபியை ஊதினால் ஆறுகிறது. பலமாக ஊதினால் சீக்கிரம் ஆறுகிறது. குழாய்க்குள் ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பியை வைத்து, சுற்றியுள்ள காற்றைவிட ஏறக்குறைய நூறு டிகிரி கூடுதலான சூட்டில் அதை மின்சாரத்தால் நிறுத்தி வைக்கிறார்கள். காற்று ஓட ஓடக் கம்பி குளிரும். குளிர விடாமல் பிடித்துவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதுவே காற்றோட்டத்தின் அளவு. கம்பியின் பருமன் 70 மைக்ரான், நம் தலைமுடியின் பருமன்தான். 1914-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எல். வி. கிங் என்ற இயற்பியலாளர் இந்தக் குளிர்தலுக்கான சூத்திரத்தை வகுத்தார். வேகம் நான்கு மடங்கானால் காற்று கொண்டுபோகும் வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகும் என்பது அதன் சாரம். இதனால்தான் இந்த சென்சார் குறைந்த ஓட்டத்தில் மிகக் கூர்மையாகவும், ஓட்டம் கூடக்கூட மந்தமாகவும் இருக்கிறது. ஐடிலில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு இது ஒரு கொடை.

கிங்கின் சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறொன்று. கம்பியைக் குளிர்விப்பது காற்றின் வேகம் மட்டுமில்லை. வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கி வரும் தொகை. அடர்ந்த காற்று மெதுவாகப் போனாலும், மெலிந்த காற்று விரைந்து போனாலும், விநாடிக்கு இத்தனை கிராம் என்ற எடை ஒன்றாக இருந்தால் கம்பி ஒரே அளவைத்தான் சொல்லும். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டிக்கு ஏறும் காரை நினைத்துப் பாருங்கள். அங்கே காற்று சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். கார்புரேட்டர் வண்டிகள் மலை ஏறும்போது கரும்புகை கக்கியதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். சூட்டுக் கம்பி வைத்த வண்டிக்கு உயரத்தைப் பற்றித் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டர்போவுக்குப் பின்னால், இரு மடங்கு அழுத்தத்தில் காற்று ஓடும் குழாயிலும் இந்தக் கம்பியை வைக்க முடிவதற்கு இதே குணம்தான் காரணம். அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

சூட்டுக் கம்பிக்கு முந்திய தலைமுறையில் காற்று தள்ளத் திறக்கும் ஒரு தகடு இருந்தது, எல்-ஜெட்ரானிக்கில் அதுதான். மிட்சுபிஷி தன் டர்போ கார்களில் கார்மன் சுழல் வகையைப் பயன்படுத்தியது. ஓடும் காற்றின் நடுவே ஒரு சிறு தூணை நிறுத்தினால் அதன் இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் பிரிந்து போகும். விநாடிக்கு எத்தனை சுழல் என்று எண்ணினால் காற்றின் வேகம் தெரியும். காற்றடிக்கும்போது மின்கம்பி முனகுவதும் இதே சுழல்களால்தான். ஆனால் இது வேகத்தை மட்டும் சொல்லும், எடையைச் சொல்லாது. ஆகவே அதனுடன் வெப்பமானியும் வளி அழுத்தமானியும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

சூட்டுக் கம்பிக்கு ஒரு பெரிய குறை உண்டு. காற்று வருகிறதா, போகிறதா என்று அதற்குத் தெரியாது. முன்னே போனாலும் குளிரும், பின்னே வந்தாலும் குளிரும். உள்ளே போன 10 கிராம் காற்றில் 2 கிராம் பின்வாங்கி மறுபடி உள்ளே போனால், கம்பியின் கணக்கில் அது 14 கிராம். பின்னாளில் வந்த சூட்டுப் படல சென்சார்கள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. அவற்றில் மெல்லிய சவ்வின் நடுவே ஒரு சூடேற்றியும், அதன் இருபுறமும் பக்கத்துக்கொரு வெப்பமானியும் இருக்கும். எந்தப் பக்கம் அதிகம் குளிர்கிறது என்று பார்த்துத் திசையைச் சொல்லிவிடும். பழைய வகையை வைத்துக்கொண்டு டர்போ வேலை செய்பவர்கள் காற்று பின்வாங்காத இடமாகப் பார்த்து சென்சாரை வைப்பது தவிர வேறு வழியில்லை.

இன்னொரு குறை, சென்சார் குழாய் முழுவதையும் பார்ப்பதில்லை. குழாயின் நடுவில் ஒரு சிறு சாளரத்தின் வழியாகப் போகும் காற்றைப் பார்த்து, மற்ற இடமும் இப்படித்தான் இருக்கும் என்று கணக்கிடுகிறது. நேர்க்குழாயில் இந்த நம்பிக்கை பலிக்கும். வளைவுக்குப் பக்கத்தில் பலிக்காது. ஆற்றுத் திருப்பத்தில் வெளிக்கரையை நீர் அரிப்பதைப் பார்த்திருப்போம். குழாய் வளைவைத் தாண்டிய காற்றும் வெளிப்பக்கமாக ஒதுங்கி விரைகிறது. அங்கே சென்சாரைக் கொஞ்சம் திருப்பி மாட்டினால்கூட அளவு மாறும். நீர்க்குழாய், வாயுக்குழாய்களில் அளவுமானி வைக்கும் பொறியாளர்கள் அதற்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நேர்க்குழாயும், பின்னால் ஐந்து மடங்கும் கேட்பார்கள். 70 மி.மீ. குழாய்க்கு அது ஒரு மீட்டரைத் தாண்டும். எஞ்சின் அறையில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் தொழிற்சாலையிலிருந்து வரும் சென்சார் குழாயின் வாயில் தேன்கூடு போன்ற ஒரு சல்லடை இருக்கிறது. சுழன்று வரும் காற்றை அது வாரிச் சீவி நேராக்குகிறது. காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி அதைப் பிடுங்கி எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தச் சல்லடையால் இழக்கும் குதிரைத்திறன் மிகக் குறைவு; அதைப் பிடுங்குவதால் இழக்கும் கணக்கு மிகப் பெரிது.

இனி வால்வுக்கு வருவோம். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அடைத்துத் தரும் யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூஷி 1905-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கார்களில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழல்கிறது. அவ்வளவு வேகத்தில் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும்போது ஓட்டுநர் கியர் மாற்றக் காலை எடுக்கிறார். எஞ்சினுக்குப் போகும் காற்றின் வழியில் இருக்கும் த்ராட்டில் தகடு படாரென்று மூடுகிறது. சக்கரம் உடனே நிற்காது; அதற்குத் தன் வேகம் இருக்கிறது. அது தள்ளும் காற்றுக்குப் போக வழி இல்லை. மூடிய கதவில் மோதிய அழுத்த அலை ஒலியின் வேகத்தில் திரும்பி, இரண்டு மீட்டர் குழாயை ஐந்தாறு மில்லி விநாடியில் கடந்து சக்கரத்தை எட்டுகிறது. சக்கரத்தின் இதழ்களில் காற்று ஒட்டாமல் பிய்ந்து, அடைபட்ட காற்று பின்னோக்கிப் பாய்கிறது. அழுத்தம் கொஞ்சம் குறைந்ததும் சக்கரம் மறுபடி தள்ளுகிறது; மறுபடி பின்பாய்ச்சல். ‘ச்சு-ச்சு-ச்சு’ என்று புறா சிறகடிப்பதுபோல் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு சர்ஜ் என்று பெயர். சிலர் அதையும் விரும்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொரு ‘ச்சு’வும் டர்போவின் அச்சை நீளவாட்டில் குத்தும் ஒரு குத்து, அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் ஒரு சிறு த்ரஸ்ட் பேரிங்.

நம் ஊர் ஏரிகளைக் கட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருந்திருக்காது. வெள்ளம் வரும்போது கரையை உடைக்கவிடாமல், மிகுந்த நீரை மட்டும் வழியவிடக் கலிங்கு வைத்தார்கள். நண்பர் பொருத்திய ப்ளோ-ஆஃப் வால்வு காற்றுக்கான கலிங்கு. ஒரு வேறுபாடு உண்டு: கலிங்கு நீர்மட்டத்தைப் பார்த்துத் தானாக வழிகிறது, இந்த வால்வு அழுத்தம் கூடியதற்காகத் திறந்தால் டர்போவே வீண். முழுவேகத்தில் அழுத்தம் எவ்வளவு கூடினாலும் மூடியிருக்க வேண்டும். த்ராட்டில் மூடிய கணத்தில் மட்டும் திறக்க வேண்டும். இதைச் செய்வது ஒரே ஒரு மெல்லிய ஹோஸ். வால்வின் தலையில் ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அந்தத் தலைக்கு, த்ராட்டிலைத் தாண்டி மேனிஃபோல்டிலிருந்து ஹோஸ் வருகிறது. த்ராட்டில் திறந்திருக்கையில் குழாயிலும் மேனிஃபோல்டிலும் ஒரே அழுத்தம். மேலும் கீழும் சமமாக அழுத்துவதால் சிறு ஸ்பிரிங்கே வால்வை மூடி வைத்துவிடும். த்ராட்டில் மூடியதும் எஞ்சின் மேனிஃபோல்டை உறிஞ்சி வெற்றிடமாக்குகிறது. மேலிருந்து இழுப்பு, கீழிருந்து தள்ளல். வால்வு திறக்கிறது.

இந்த ஹோஸை எங்கிருந்து எடுப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். த்ராட்டிலுக்கு முன்னாலிருந்து எடுத்தால் கதவு மூடிய சேதி வால்வுக்குப் போய்ச் சேரவே சேராது. பிரேக் பூஸ்டர் ஹோஸிலோ வேறொரு சென்சார் ஹோஸிலோ டி-ஜாயின்ட் போட்டுப் பங்கு வாங்கினால் சேதி தாமதமாகும். மேனிஃபோல்டிலிருந்து தனியாக, குட்டையாக, நசுங்காத ஹோஸ் ஒன்று போதும். ஸ்பிரிங்கும் எஞ்சினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெத்தென்ற ஸ்பிரிங் என்றால் ஐடிலில் இருக்கும் வெற்றிடமே வால்வைத் திறந்து வைத்துவிடும். முரட்டு ஸ்பிரிங் என்றால் குறைந்த அழுத்தத்தில் காலை எடுக்கும்போது திறக்காமல் சர்ஜ் கேட்கும்.

என் நண்பரின் காரில் கலிங்கு சரியாகத்தான் வழிந்தது. வழிந்த நீர் எங்கே போனது என்பதில்தான் சிக்கல்.

அந்தக் காரில் காற்று வரும் வரிசை இது: ஃபில்டர், சூட்டுப் படல சென்சார், டர்போ, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், த்ராட்டில், எஞ்சின். சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டிய ஒவ்வொரு கிராம் காற்றும் எஞ்சினுக்குத்தான் போகும் என்று நம்பி ஈசியு பெட்ரோல் ஊற்றுகிறது. பழைய வால்வு, தான் வெளியேற்றிய காற்றை ஒரு ஹோஸ் வழியாக சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையில் திருப்பி விட்டது. எண்ணப்பட்ட காற்று எண்ணிய வாசலுக்கு உள்ளேயே சுற்றியது. டர்போவுக்குத் தேவையான காற்று அந்தச் சுழற்சியிலேயே கிடைத்ததால் வாசல் வழியாகப் புதிதாக வருவது குறைந்தது. சென்சாரும் குறைத்துச் சொன்னது. நண்பர் அந்த ஹோஸைக் கழற்றி, துளைக்கு மூடி போட்டு, புது வால்வை வெளிப்பக்கம் ஊத வைத்தார். எண்ணிய காற்று வெளியே போய்விட்டது.

எவ்வளவு காற்று? தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். டர்போவிலிருந்து த்ராட்டில் வரை குழாயும் இன்டர்கூலரும் சேர்ந்து 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு மடங்கு அழுத்தத்தில், 50 டிகிரி சூட்டில் அதில் சுமார் 17 கிராம் காற்று அடங்கும். வால்வு திறந்து அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாக இறங்கினால் பாதி, அதாவது எட்டு ஒன்பது கிராம் பறந்துவிடும். வால்வு திறந்திருக்கும்வரை டர்போ தொடர்ந்து இழுத்து வெளியே விடும் காற்று தனி. அதையும் சென்சார் எண்ணுகிறது. அடுத்த கியரில் காலை அழுத்தியதும் காலியான குழாய் மறுபடி நிரம்ப வேண்டும். அந்த எட்டு ஒன்பது கிராமும் எஞ்சினுக்குள் போனதாகவே கணக்கில் ஏறும். ஒரு கியர் மாற்றத்துக்கு அரை கிராமுக்கும் மேல் பெட்ரோல் எரிய ஆளில்லாமல் உள்ளே இறங்குகிறது. எஞ்சின் ஐடிலுக்கு விழும் நேரத்தில் இது நடந்தால், விநாடிக்குச் சில கிராம் காற்று மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும் சிலிண்டர்களுக்கு அது ஒரு வெள்ளம். பிளக் நனைகிறது, எஞ்சின் அணைகிறது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்தால் அதன் உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகவும் கூடும்.

திருப்பிவிடும் ஹோஸ் எங்கே சேர்கிறது, எந்தக் கோணத்தில் சேர்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். இரு மடங்கு அழுத்தத்திலிருந்து பாயும் காற்று பலமான தாரை. அதைச் செங்குத்தாகவோ சென்சாரின் பக்கம் பார்த்தோ விட்டால், குழாய்க்குள் சுழன்று சென்சாரைப் பின்புறமாக அடிக்கும். திசை அறியாத கம்பி அதையும் புதுக் காற்றாக எண்ணும். டர்போவின் வாயைப் பார்த்துச் சாய்வாக, சென்சாரிலிருந்து இடம் அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளிச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. சென்சாரையே இடம் மாற்றி, டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் அப்பால், த்ராட்டிலுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது. அப்போது வரிசை டர்போ, இன்டர்கூலர், வால்வு, சென்சார், த்ராட்டில் என்றாகும். வால்வில் வெளியேறும் காற்று சென்சாரை எட்டுவதற்கு முன்பே போய்விடும். எண்ணப்படாத காற்று எங்கே போனால் என்ன? ‘உஷ்ஷ்’ சத்தம் வேண்டும், கணக்கும் தப்பக்கூடாது என்பவர்களுக்கு இதுவே நேர்மையான வழி. சூட்டுக் கம்பி அடர்த்தியையும் சேர்த்தே உணர்வதால் அழுத்தம் மிகுந்த குழாயிலும் எடையைச் சொல்லிவிடும் என்பதை மேலே பார்த்தோம்.

அப்படியானால் எல்லாக் கார் நிறுவனங்களும் ஏன் இதைச் செய்வதில்லை? ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் இடம் குளிர்ந்த, சுத்தமான, அமைதியான இடம். டர்போவுக்குப் பின்னால் அப்படியில்லை. 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அடைத்தால், டர்போவின் திறமை எழுபது சதவீதம் என்று கொண்டால், வெளியே வரும்போது 130 டிகிரியை எட்டிவிடும். இன்டர்கூலர் அதைத் தணித்தாலும் ஏற்ற இறக்கம் பெரிது. எஞ்சினின் மூச்சுக் குழாயிலிருந்தும் டர்போவின் சீல்களிலிருந்தும் கசியும் எண்ணெய் ஆவி இதே வழியாகத்தான் வருகிறது. கம்பியில் அது படிந்து கருகினால் போர்த்திக்கொண்டு நிற்பவனுக்குக் குளிர் தெரியாத கதைதான், சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்லும். அழுத்தத்தைத் தாங்காத சென்சார் கூடாக இருந்தால் அதன் விளிம்பிலேயே கசிவு. த்ராட்டில் படாரென்று மூடும்போது எழும் பின்னலையும் நேராக சென்சார் மீதுதான் விழும். ஆகவே வால்வுக்கும் சென்சாருக்கும் இடையிலும், சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் இடையிலும் நேர்க்குழாய் விட வேண்டும். வால்வையும் சென்சாரையும் ஒரு சாண் தூரத்துக்குள் அடுத்தடுத்துப் பற்றவைத்தால், வால்வு திறக்கும்போது எழும் சுழிப்பு அப்படியே சென்சாரின் கணக்கில் ஏறும். இடம் இல்லாத எஞ்சின் அறையில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வால்வை இன்டர்கூலருக்கு முன்னால், டர்போவின் வாயிலேயே வைக்கலாமா, அல்லது த்ராட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் உண்டு. முன்னால் வைத்தால் சூடான காற்று இன்டர்கூலருக்குள் போகாமலே வெளியேறும், திருப்பிவிடும் ஹோஸும் குட்டையாக இருக்கும். பின்னால் வைத்தால் குழாய் முழுவதும் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த கியரில் குளிர்ந்த காற்று தயாராக இருக்கும். சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸில் எஞ்சின் தலைமேல் இருக்கும் இன்டர்கூலரிலேயே வால்வு உட்கார்ந்திருந்தது. இன்று பல எஞ்சின்களில் மின்சாரத்தால் திறக்கும் வால்வு டர்போவின் கூட்டோடு சேர்ந்தே வருகிறது. அழுத்த அலை குழாயைக் கடக்கச் சில மில்லி விநாடிகள்தான். வால்வு நகர்ந்து திறப்பதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஆகவே சர்ஜைத் தடுக்கும் விஷயத்தில் அரை மீட்டர் இப்படி அப்படி இருந்தால் பெரிய வித்தியாசம் வராது. சென்சாருக்கு எந்தப் பக்கம் என்பதுதான் தீர்மானமான கேள்வி.

பெரிய டர்போ மாட்டுகிறவர்கள் குழாயையும் பெரிதாக்குவார்கள். 70 மி.மீ. குழாயில் இருந்த சென்சாரைக் கழற்றி 80 மி.மீ. குழாயில் வைத்தால் பரப்பு 30 சதவீதம் கூடிவிடும். சென்சார் தன் சாளரத்தில் காணும் ஓட்டத்தை மட்டுமே சொல்கிறது. ஆகவே அதே வோல்டேஜுக்கு இப்போது 30 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஈசியுவுக்கு இதைச் சொல்லாவிட்டால் பெட்ரோல் பற்றாது. முழு அழுத்தத்தில் பெட்ரோல் பற்றாத எஞ்சினில் வெப்பம் ஏறி, கலவை தானாக வெடித்து, பிஸ்டன் ஓட்டையாகும். கரும்புகை விடும் எஞ்சின் அவமானப்படுத்தும். பெட்ரோல் பற்றாத எஞ்சின் உடைந்தே போகும். அதனால் குழாய் மாற்றினால் அளவீட்டு அட்டவணையையும் மாற்றியே ஆக வேண்டும்.

மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் கார்களில் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. அங்கே வாசலில் யாரும் எண்ணுவதில்லை. கூடத்தின் நெரிசலும் வெப்பமும் தெரிந்தால் போதும். த்ராட்டிலுக்கு முன்னால் காற்றை வெளியே விட்டாலும் உள்ளே விட்டாலும் கணக்கு கெடாது. ஆனால் எஞ்சினின் கேம்ஷாஃப்டை மாற்றினாலோ சைலன்சர் குழாயைப் பெரிதாக்கினாலோ, அதே அழுத்தத்தில் எஞ்சின் விழுங்கும் காற்று மாறிவிடும்; ஈசியுவில் இருக்கும் அட்டவணையை உட்கார்ந்து திருத்த வேண்டும். எண்ணுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு வழிக்கும் அதனதன் விலை இருக்கிறது.

டீசல் கார் வைத்திருப்பவர்களும் இந்த வால்வைக் கேட்டுக் கடைக்குப் போகிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே பீய்ச்சும் டீசலின் அளவு. பெட்ரோல் எஞ்சினைப் போலக் காலை எடுத்ததும் படாரென்று காற்றின் வழியை அடைக்கும் தகடு அதற்குத் தேவையில்லை. வழி அடைபடாத இடத்தில் கலிங்குக்கு வேலை இல்லை. சத்தத்துக்காக அதில் வால்வைப் பொருத்தினால், நல்ல நிலையிலிருந்த குழாயில் ஒரு புதுக் கசிவுக்கு இடம் வைக்கிறோம், அவ்வளவுதான்.

நண்பரின் காருக்குத் திரும்புகிறேன். பழைய வால்வை மாட்டி, ஹோஸை அதன் பழைய துளையில் சேர்த்தோம். அப்படியும் ஐடிலில் சின்னத் துடிப்பு மிச்சமிருந்தது. மெக்கானிக் சென்சார் குழாயின் வாயில் ஒரு மூடியை அடைத்து, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரிலிருந்து மெல்ல உள்ளே காற்று விட்டார். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோல், சோப்பு நீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். டர்போவுக்கு முன்னால், திருப்பிவிடும் ஹோஸ் சேரும் இடத்தில், புது மூடி போட்டபோது விட்டுப்போன ஒரு கீறலில் நுரை பொங்கியது. சென்சாரைத் தாண்டிய இடம் அது. டர்போ உறிஞ்சும்போது அந்தக் கீறல் வழியாக எண்ணப்படாத காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது; முதலில் எண்ணிய காற்று வெளியே போனது, பிறகு எண்ணாத காற்று உள்ளே வந்தது. “ரெண்டும் ஒரே எடத்துல செஞ்ச வேலைதானுங்க” என்றார் அவர். ஹோஸை மாற்றி, புது கிளாம்ப் போட்டு முடுக்கினார்.

அன்று மாலையே மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி சாலையில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நண்பர் காலை எடுத்து, கியர் குறைத்து, மறுபடி அழுத்தினார். ஃபில்டர் பெட்டிக்குள்ளிருந்து மட்டும், ஜன்னலை இறக்கினால் கேட்கும் அளவுக்கு, ஒரு சின்ன மூச்சு வந்தது. மேலே தேநீர்க் கடை முன்னால் நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். 800-இல் அசையாமல் நின்றது.